ஒரே டப்பாவில் இரண்டு மாத்திரை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அடிபம்பு விடிகாலை 5 மணிக்கே கத்த ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில் எழுந்து வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுவது எனக்கு ஏழு வருஷப் பழக்கம். கழுத்துக் கட்டி பாப்பிலரி என்கிற வகைத் தைராய்டு கேன்சர் என்று தெரிந்தபோது வயது 51, மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம். சுரப்பியை முழுசாக எடுத்தார்கள். பிறகு கதிரியக்க அயோடின், தனி அறை. அதெல்லாம் முடிந்த கதை. நான் சொல்ல வந்தது எலும்பைப் பற்றி.

இந்த மாத்திரைக்கு இரண்டு வேலை. சுரப்பி இல்லாத குறையை ஈடுகட்டுவது ஒன்று. தைராய்டைத் தூண்டிவிடும் டிஎஸ்ஹெச் என்கிற மூளைச் சுரப்பி ஹார்மோனை அழுத்தி வைப்பது இன்னொன்று. அது ஏறினால் மிச்சம்மீதி கேன்சர் செல் தூண்டப்படலாம். எனக்கு 0.1-க்குக் கீழே வேண்டும் என்றார் டாக்டர். அப்படி அழுத்த தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் கூடுதலாகவே ஓட வேண்டும், அதுதான் எலும்பை அரிக்கும். மாதவிலக்கு நின்றவளுக்கு ஈஸ்ட்ரோஜன் துணையும் கிடையாது. இதை யாரும் முதலில் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் ரத்தத்தில் கால்சியம் குறைந்து உதடும் விரல் நுனியும் மதமதவென்று மரத்துப்போனதால் கால்சியமும் கொடுத்திருந்தார்கள். பழைய பிஸ்கட் டப்பாவில் இரண்டையும் போட்டு, காலையில் சேர்த்தே விழுங்கினேன். டிஎஸ்ஹெச் இறங்கவே இல்லை. தைராய்டு மாத்திரை டோஸ் 100 மைக்ரோகிராமிலிருந்து 125, அப்புறம் 150. ஒருநாள் மருமகள்தான் மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு, "அத்தை, ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரம் விடணும்னு போட்டிருக்கு" என்றாள். கால்சியம் தைராய்டு மாத்திரையை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அன்றைக்கே கால்சியத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு மாற்றினேன். மாற்றியதை டாக்டரிடம் சொல்லவில்லை. என் முட்டாள்தனம் அதுதான். 150 அப்படியே ஓடியது. படபடப்பு, கை நடுக்கம், வேர்வை. ரிப்போர்ட்டில் 0.01 என்று பார்த்து, கீழேதானே இருக்கிறது, நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டேன்.

போன வருஷம் பம்படியில் குடத்தோடு வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து உடைகிற எலும்பா இது? கட்டுப்போட்ட டாக்டர்தான், "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" என்று கேட்டு, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதினார். படுத்தால் போதும், கால் மணி நேரத்தில் முடிந்தது. இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் முதுகெலும்பில் மைனஸ் 2.7. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை. காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு தின்கிறவளுக்கு எப்படி எலும்பு தேயும் என்று அக்கா சண்டைக்கு வந்தாள். தின்பது ஒரு பக்கம், உள்ளே கரைவது வேறு பக்கம் என்று அவளுக்குப் புரியவைக்க ஒரு மத்தியானம் ஆனது.

கேன்சர் திரும்புகிறதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனை இத்தனை வருஷமும் ஒன்றும் காட்டாததால், இனி டிஎஸ்ஹெச் 0.5-லிருந்து 2-க்குள் இருந்தால் போதும் என்று டோஸைக் குறைத்தார்கள். எலும்பு கரைவதைத் தடுக்க வருஷம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரானிக் மருந்து டிரிப். அதற்கு முன்னால் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை; பல் டாக்டரையும் பார்க்கச் சொன்னார்கள். ஆடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, புண் ஆறும்வரை டிரிப் தள்ளிப்போனது. இந்த மருந்து போட்டபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். ஏற்றிய அன்று ராத்திரி காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. பாராசிட்டமாலில் இரண்டு நாளில் அடங்கியது.

தைராய்டு மாத்திரை இப்போது தலையணைப் பக்கம், கால்சியம் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கம். அடுத்த டெக்ஸா தை மாதம். முந்தின நாள் கால்சியம் போடக்கூடாது என்று மருமகள் காலண்டரில் சிவப்பு மையில் எழுதிவிட்டாள்.