ஒரே பாட்டு, இரண்டு தட்டு: விஷுவல் கேய் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 19, சனி

பக்-டிக் குழுவின் பாடகர் சகுராய் அட்சுஷி போய் இன்றோடு ஒரு வருடம். யோகோஹாமா மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே உடல் தளர்ந்தது. அன்றிரவே மூளைத்தண்டு ரத்தக்கசிவில் இறந்தார். வயது 57. பக்-டிக்கில் 1985 முதல் அதுவரை ஓர் ஆள்கூட மாறவில்லை.

இந்த நாளில் பலரும் அவர் பாடிய 'ஜூப்பிடர்' கேட்பார்கள். 1992இல் வந்த 'கொரோஷி நோ ஷிராபே'யை முழுசாக ஓடவிடுவதே சரி என்பேன். அட்டையிலேயே 'இது சிறந்த பாடல்களின் தொகுப்பு அல்ல' என்று எழுதியிருக்கும். உண்மைதான். பழைய பாட்டு ஒவ்வொன்றையும் மறுபடி உட்கார்ந்து வாசித்துப் பாடிப் பதிந்திருக்கிறார்கள். 1987-88 தட்டுகளில் இவர்கள் ஒலி வற்றலாக இருந்தது: காய்ந்த ட்ரம்ஸ், மெல்லிய கிதார், எங்கோ தூரத்தில் குரல். 1991இல் 'குருத்தா தைய்யோ' ஆல்பம் செய்தபோதுதான் ஸ்டுடியோவையே ஒரு வாத்தியமாகக் கையாளப் பழகினார்கள். கற்ற கையோடு பழைய பாட்டுகளுக்குத் திரும்பிப் போனதன் விளைவு இந்தத் தட்டு. அரைத்த மாவையே அரைப்பது என்று சொல்ல முடியாது, மாவே வேறு.

விஷுவல் கேய், அதாவது கனத்த ஒப்பனையும் ஆடம்பர உடையுமாக மேடையேறும் ஜப்பானிய ராக் குழுக்களுக்குத் தங்கள் பாட்டைத் தாங்களே திருத்தும் பழக்கம் தீராது. அதனால் 'இந்த ஆல்பம் நல்லா இருக்கா' என்று கேட்பவரிடம் 'எந்தப் பதிப்பு' என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வரும் வாரங்களில் அதைத்தான் எழுதப் போகிறேன்.

2024 அக்டோபர் 22, செவ்வாய்

மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். ரீமாஸ்டர் என்றால், ஏற்கெனவே இடது வலது என்று இரண்டு தடமாக முடிந்துபோன ஒலியை எடுத்து மேலே மெருகு போடுவது. மிக்ஸில், அதாவது எல்லா வாத்தியமும் குரலும் கலந்த கலவையில், புதைந்த பேஸை இதில் தோண்டி எடுக்க முடியாது. பேஸ் இருக்கும் அலைவரிசையைத் தூக்கினால் காலால் அடிக்கும் கிக் ட்ரம்மும் கூடவே எழும். ரீமிக்ஸ் என்றால் தனித்தனித் தடங்களை மறுபடி திறந்து அளவுகளை மாற்றுவது. பக்-டிக்கின் முதல் ஆல்பம் 'ஹரி அப் மோட்' 1987இல் வந்து, 1990இல் இப்படி இன்னொரு மிக்ஸாக வந்தது. மூன்றாவது மறுபதிவு, அதாவது மறுபடியும் வாசிப்பது.

ஒப்பிட்டுக் கேட்பவர் செய்யும் தவறு ஒன்றுதான். புதிய தட்டு சத்தமாக இருக்கும். சத்தமாக இருப்பது நல்லதாகவே காதில் படும். 90களின் தொடக்கத்து சிடிக்கும் 2010க்குப் பிறகு வந்ததற்கும் ஆறேழு டெசிபெல் வித்தியாசம் சாதாரணம். ஃபூபார் போன்ற ஏதாவது ப்ளேயரில் இரண்டையும் ரீப்ளேகெயின் (சத்த அளவைக் கணக்கிடும் வசதி) ஸ்கேன் செய்து, ட்ராக் அளவில் சமன் செய்யுங்கள். முழுப் பாட்டு வேண்டாம், இருபது முப்பது விநாடித் துண்டு போதும். ஒரு துண்டு பல்லவி, இன்னொன்று ட்ரம்ஸ் நெருக்கமாக விழும் இடம். ஸ்னேர் ட்ரம் அடியின் முதல் 'டக்' கேட்கிறதா, அல்லது 'தப்' என்று மழுங்கிவிட்டதா என்று பாருங்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அதிகமாக நசுக்கிய மாஸ்டர் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். வால்யூமைத் தாழ்த்தியே கேளுங்கள். உரக்க வைத்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

2024 அக்டோபர் 26, சனி

லூனா ஸீ குழுவின் 'மதர்' ஆல்பம் வந்து இன்றோடு 30 வருடம். 1994இல் எம்சிஏ விக்டர் வெளியிட்டது. 2023 நவம்பரில் இதையும் 'ஸ்டைல்' ஆல்பத்தையும் முழுசாக மறுபதிவு செய்து ஒரே நாளில் விட்டார்கள். மிக்ஸ் ஸ்டீவ் லில்லிவைட். 2019இல் 'க்ராஸ்' ஆல்பத்தை இவர்களோடு சேர்ந்து தயாரித்தவரும் அவரே.

பத்துப் பாட்டு. 1994 தட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. சிம்பல்கள் கண்ணாடிச் சில்லு மாதிரி, கீழ்ச்சுருதிப் பகுதி ஒல்லி. அந்த ஒல்லியிலும் ஒரு லாபம் உண்டு. இனோரன் கிதாரும் சுகிசோ கிதாரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக நிற்கும். இனோரன் பெரும்பாலும் நரம்புகளைப் பிரித்து மீட்டிக்கொண்டு இடத்தை நிரப்புவார். சுகிசோ டிலே எனும் எதிரொலியில் நனைத்த நீண்ட சுரங்களை அதன் மேல் இழுத்துவிடுவார். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் கழற்றி, பிறகு அதை மாட்டி மற்றதைக் கழற்றி, இரண்டு தடவை கேளுங்கள். எந்த இடத்தில் யார் அடக்கி வாசிக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபடும். ஜே பேஸை விரலால் அல்லாமல் பிக் எனும் மீட்டும் வில்லையால் வாசிப்பவர். மெல்லிய மிக்ஸிலும் அவருடைய ஒவ்வொரு தட்டும் எண்ணக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பிக்கின் கடகடப்புதான்.

2023 பதிப்பில் அடித்தளம் தடிமன், ட்ரம்ஸுக்கு அறையின் காற்று கிடைத்திருக்கிறது, குரல் முன்னால் வந்து நிற்கிறது. சிக்கலும் அங்கேதான். பாடகர் ரியுயிச்சி 2022இல் குரல்நாண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 'ரோஸியர்' மாதிரி ஓடிக்கொண்டே பாட வேண்டிய பாட்டில், 24 வயதுப் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு துப்பிய சொற்களை இப்போது அளந்து வைக்கிறார். சுருதி பிசகவில்லை, ஆனால் ஆபத்து போய்விட்டது. நடுவில் ஜே ஆங்கிலத்தில் பேசும் பகுதியும் அப்படித்தான். அது கோபத்தில் பேசியதாக இருக்க வேண்டும், எழுதி வைத்துப் படித்த மாதிரி ஆகிவிட்டது.

'ஜெனிசிஸ் ஆஃப் மைண்ட்' கதை நேர் எதிர். மெதுவான, நீண்ட பாட்டு. 1994இல் அந்தக் குரல் பாட்டுக்குச் சின்னதாக இருந்தது, இப்போதுதான் பொருந்துகிறது. கடைசிப் பாட்டு 'மதர்' விஷயத்திலும் 2023க்கே என் ஓட்டு. மற்றதற்கெல்லாம் பழையது. 'ட்ரூ ப்ளூ'வை மட்டும் இரண்டிலும் கேட்கலாம், எப்படி வாசித்தாலும் கெடாத மெட்டு அது. ஜப்பானிய விற்பனைத் தரவரிசையான ஓரிகானில் இவர்களுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த முதல் சிங்கிள்.

(ட்ரம்ஸ் ஷின்யா. டிர் என் க்ரே குழுவிலும் ட்ரம்ஸ் ஷின்யாதான், ஆள் வேறு. புதிதாக வருபவர்கள் ஒரு மாதம் குழம்புவார்கள்.)

2024 நவம்பர் 3, ஞாயிறு

பழைய சிடி வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்.

80கள், 90களில் வந்த இரட்டை சிடி தடித்த பெட்டிகளுக்குள் தட்டு ஆடாமலிருக்க ஒரு ஸ்பான்ஜ் தாள் வைத்திருப்பார்கள். அது யூரித்தேன். முப்பது வருடத்தில் மஞ்சளாகி, பிசுபிசுத்து, தட்டின் அச்சுப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்து இழுத்தால் அச்சு மையோடு கீழே இருக்கும் உலோகப் படலமும் உரிந்து வரலாம். சிடியில் தகவல் இருப்பது அந்தப் பக்கத்தை ஒட்டித்தான். பளபளக்கும் அடிப்பக்கம் கீறினால் ஓரளவு தேய்த்து மீட்கலாம், மேல்பக்கம் போனால் போனதுதான். பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலை ஸ்பான்ஜை எடுத்துக் குப்பையில் போடுவது. ஒட்டியிருந்தால் இழுக்காமல் பக்கவாட்டில் மெல்ல நகர்த்திப் பிரிக்க வேண்டும்.

அடுத்து 8 செ.மீ. சிங்கிள். 1988 முதல் 90களின் கடைசி வரை ஜப்பானில் சிங்கிள் என்றாலே இதுதான். நீட்டுவாக்கில் அட்டை, உள்ளே பிளாஸ்டிக் பிடி. அந்த நீள வடிவத்தால், கவிதை எழுதும் அட்டைச்சீட்டின் பெயரே இதற்கு வந்தது: தன்சாகு. ஆல்பத்தில் சேராத இரண்டாம் பாட்டுகள் பலவும் இதில்தான் கிடக்கும். தட்டை வெளியே நீட்டும் ட்ரேயில் நடுப்பள்ளம் இருந்தால் அதில் வைத்தால் போதும். தட்டை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் டிரைவிலோ கார் ப்ளேயரிலோ போட்டுவிடாதீர்கள், வெளியே வராது. விற்பவர் 'அட்டை மடிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் பாதியாக மடித்துச் சதுரமாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். கேட்பதற்குப் பிரச்சினை இல்லை, விலை மட்டும் குறையும்.

ஓபி எனும் பக்கவாட்டுக் காகிதப் பட்டைக்காக இரண்டு மடங்கு கொடுப்பது அவரவர் இஷ்டம். ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2024 நவம்பர் 12, செவ்வாய்

டிர் என் க்ரேவின் 'உரோபோரோஸ்' 2008இல் இதே தேதியில் வந்தது. இது மட்டும் ஒரே வரியில் முடிகிற விவகாரம்: 2012 ஜனவரியில் வந்த மறுவெளியீட்டை வாங்குங்கள். 2008 தட்டில் இரண்டு கிதாரும் பேஸும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. தாழ்ந்த சுருதிக் கிதாரின் அடிப்பகுதியும் பேஸின் நடுப்பகுதியும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது இரண்டும் கேட்காது, ஒரு முனகல்தான் மிஞ்சும். ஒன்பதரை நிமிட 'வினுஷ்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். தனிக் கிதாரில் தொடங்கும் பகுதி இரண்டிலும் அழகு. முழுக் குழுவும் உள்ளே இறங்கியதும் 2008இல் கம்பளியைப் போர்த்திய மாதிரி ஆகிறது. 2012இல் கிக் ட்ரம் வெளியே வருகிறது, பாடகர் கியோவின் அடுக்குக் குரல்களை எண்ண முடிகிறது. கம்பளிதான் அந்த ஆல்பத்தின் மனநிலை என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை.

மறுபதிவில் இவர்கள் லூனா ஸீ மாதிரி பவ்யமாக நடந்துகொள்வதில்லை, பாட்டை உடைத்துவிடுவார்கள். 2000இல் பதினொரு நிமிடத்துக்குள் இருந்த 'மகாப்ர்' 2013இல் பதினாறு நிமிடமாக நீண்டது. அதே வருடம் 'அன்ராவலிங்'கில் வந்த 'தி ஃபைனல்' கனமானது, திறமையானது, எனக்குத் தேவையில்லாதது. 2004 சிங்கிளில் பல்லவிக்கு முன்னால் ஒரு தயக்கம் உண்டு. அதை நேர்செய்துவிட்டார்கள்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

எக்ஸ், பின்னாளில் எக்ஸ் ஜப்பான். இவர்களுடைய 'குரெனாய்' பாட்டு இரண்டு ஆல்பத்தில் இருக்கிறது. 1988இல் ட்ரம்மர் யோஷிகியின் சொந்த நிறுவனமான எக்ஸ்டசி வெளியிட்ட 'வானிஷிங் விஷன்'இல் ஆங்கில வரிகள். 1989 ஏப்ரலில் சிபிஎஸ் சோனி வெளியிட்ட 'ப்ளூ ப்ளட்'இல் ஜப்பானிய வரிகள். இரண்டாவதுதான் பாட்டு, முதலாவது அதன் வரைபடம். பாடகர் தோஷியின் உச்சக் குரல் ஆங்கில மெய்யெழுத்துகளில் தடுக்கி விழுகிறது. ஜப்பானியத்தில் பெரும்பாலான அசைகள் உயிரில் முடிவதால் குரல் திறந்து பாய்கிறது. அதே ஜோடியில் இன்னொன்று: முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடியாமல் அறுந்து நிற்கும், பெயரே 'அன்ஃபினிஷ்ட்'. அடுத்த ஆல்பத்தின் கடைசியில் அதை முடித்து வைத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த ஓராண்டில் இவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்று தெரிந்துவிடும்.

'ப்ளூ ப்ளட்' எந்தப் பதிப்பு? முதல் சிடியின் எண் 32டிஎச் என்று தொடங்கும். அந்த 32 விலையைக் குறிக்கிறது, 3200 யென். ஒலி அதிலேயே நன்றாகத்தான் இருக்கிறது. 2007 ரீமாஸ்டரை வாங்குவதற்குக் காரணம் கூடவே வரும் இரண்டாவது தட்டு: குரலில்லாத வாத்தியப் பதிவுகள். தாய்ஜியின் பேஸ் எத்தனை ஓடியிருக்கிறது என்று அதில்தான் தெரிகிறது. யோஷிகியின் இரட்டைக் கிக் இயந்திரம் மாதிரி நேராக ஓட, மேலே தாய்ஜி ஓர் எதிர்மெட்டே வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் 1992இல் விலகிய பிறகு வந்த 'டாலியா'வில் அந்த இடம் காலி.

'ஆர்ட் ஆஃப் லைஃப்' 29 நிமிடம், ஒரே பாட்டு. நடுவில் பியானோ தனியாக வெறிபிடிக்கும் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை.

2024 நவம்பர் 24, ஞாயிறு

ஃபெர்னாண்டஸ் கிதார் நிறுவனம் இந்த ஜூலையில் மூடப்பட்டது. எக்ஸின் ஹிதேவின் இழுபடும் சுரங்களுக்கும் பக்-டிக்கின் இமாய் ஹிசாஷியின் வளைந்து ஊளையிடும் சத்தங்களுக்கும் பின்னால் இருந்த சஸ்டெய்னர் எனும் கருவி அந்த நிறுவனத்துடையது. கிதாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம் பிக்அப். கழுத்துப் பக்க பிக்அப் இடத்தில் ஒரு சுருள். பிரிட்ஜ் பிக்அப் எடுத்த ஒலியை மின்சுற்று பெருக்கிச் சுருளுக்கு அனுப்பும், சுருள் காந்தப்புலத்தால் கம்பியை மறுபடி அதிர வைக்கும். கை எடுத்தாலும் சுரம் சாகாது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது.  இரண்டு பிக்அப்பும் நெருங்கியிருந்தால் கீச்சிடும். பழைய பதிவுகளில் ஒரு சுரம் பாதியில் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறதே, அது ஹார்மானிக் சுவிட்ச்.

2024 டிசம்பர் 4, புதன்

பக்-டிக் 'சுப்ரோசா' இன்று வெளியீடு. சகுராய் இல்லாத முதல் ஆல்பம், 17 பாட்டு. வெளியிலிருந்து பாடகர் யாரையும் கூட்டி வரவில்லை. கிதார் வாசிக்கும் இமாயும் ஹோஷினோவும் பாடுகிறார்கள்.

முதல் கேட்பில் தோன்றுவது: 17 அதிகம், 12 போதும். இமாயின் குரல் தட்டையானது, பாதி பேச்சு. பழைய ஆல்பங்களில் சகுராய்க்குப் பக்கத்தில் அது காரம் மாதிரி, முழுச் சாப்பாடாகத் தாங்குமா என்பதுதான் சந்தேகமாக இருந்தது. எலெக்ட்ரானிக் தாளம் முன்னால் நிற்கும் பாட்டுகளில் தாங்குகிறது. ஹோஷினோ மென்மையாகப் பாடும் இடங்களில்தான் மனம் தன்னிச்சையாக இன்னொரு குரலைப் பொருத்திப் பார்க்கிறது.

2024 டிசம்பர் 15, ஞாயிறு

மலீஸ் மிசேர் குழு பற்றி ஏன் எழுதவில்லை என்றால், அங்கே ஒப்பிட இரண்டாவது தட்டே இல்லை. 'மெர்வெய்' ஆல்பம் 1998 மார்ச். அடுத்த ஜனவரியில் பாடகர் காக்ட் விலகினார், ஜூனில் ட்ரம்மர் காமி இறந்தார். 2000இல் 'பாரா நோ சேய்தோ' வந்தபோது ஆர்கனும் கூட்டுக்குரலும் நிறைந்த வேறொரு குழுவாகவே ஆகியிருந்தது.

'மெர்வெய்' ஒலியில் குறை சொல்லலாம்: சிந்தசைசர் ஹார்ப்ஸிகார்ட் பொம்மைத்தனமாக இருக்கிறது, ட்ரம்ஸ் சின்னது. ஆனால் மானாவும் கோஸியும் கிதாரை ராக் கிதாராக வாசிக்காமல், இரண்டு வயலின்கள் பேசிக்கொள்வதுபோல எதிர்மெட்டாக எழுதியிருக்கிறார்கள். ட்ரம்ஸைப் பெரிதாக்கினால் அந்தப் பேச்சு காதில் விழாது. போதாததற்கு, மேடையில் கிதாரைக் கீழே வைத்துவிட்டு ஆடியவர்கள் இவர்கள்.

2024 டிசம்பர் 29, ஞாயிறு

இன்று டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் பக்-டிக்கின் வழக்கமான ஆண்டிறுதிக் கச்சேரி. 'சுப்ரோசா' மூன்று வாரத்தில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இமாயின் குரல் தட்டை என்று எழுதியதை மாற்றவில்லை, 12 போதும் என்றதை 14 ஆக்குகிறேன்.