குளிர்ந்த எஞ்சினின் முதல் மூன்று நொடிகள்

கடந்த மார்கழியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த காரை எடுப்பதற்காகச் சாவியைத் திருப்பியபோது, எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து கலகலவென்று ஒரு சத்தம் எழுந்தது. தகர டப்பாவுக்குள் நாலைந்து புளியங்கொட்டைகளைப் போட்டு வேகமாகக் குலுக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. நான் கீழே இறங்கிப் பானட்டைத் திறப்பதற்குள் அது நின்றுவிட்டது. அன்று முழுவதும் நகருக்குள் எத்தனையோ முறை வண்டியை நிறுத்தி எடுத்தும் அந்தச் சத்தம் வரவில்லை. மறுநாள் காலையில் அதே நேரத்தில், அதே இடத்தில் மறுபடியும் வந்தது.

அது அப்பா 2015ஆம் ஆண்டு, பணி ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய பெட்ரோல் வண்டி. 1200 சிசி, நான்கு சிலிண்டர், ஓடியிருந்த தூரம் 86,000 கிலோமீட்டர். இப்போது நான் ஓட்டினாலும் அவர் பக்கத்து இருக்கையில் இருப்பார். மூன்றாம் நாள் அவரே, "செல்ஃப் எடுத்ததும் ஒரு சத்தம் வருதே, கவனிச்சியா?" என்று கேட்டார். அதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். எட்டு கிலோமீட்டர் ஓட்டிச் சென்றதால் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. அங்கே எத்தனை முறை எடுத்துக் காட்டியும் சத்தம் வரவில்லை. நான் சொன்ன விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, டைமிங் செயின் தளர்ந்திருக்கும் என்றும், செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது உரசி ஓடும் வழிகாட்டிப் பட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றும், 34,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டை எழுதிக் கொடுத்தார்கள். அவர்களின் ஐயம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் சாஃப்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் சாஃப்டையும் இணைக்கும் அந்தச் செயின், பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டிவிட்டால், வால்வு திறக்கும் நேரம் தவறி, பெரும்பாலான இக்கால எஞ்சின்களில் பிஸ்டன் வால்வின் மீதே மோதிவிடும். அப்புறம் எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். ஆகவே இந்தச் சத்தத்தை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அவர்கள் காதால் கேட்காத ஒரு சத்தத்துக்காக எஞ்சினின் முன்பக்கத்தைத் திறப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்து, தடாகம் சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, சத்தம் காத்தால எடுக்கறப்ப மட்டும் வருதா, இல்ல மத்தியானம் நிறுத்தி எடுத்தாலும் வருதா?" என்று கேட்டார். "காத்தால மட்டுந்தானுங்ணா" என்றேன். "எத்தன மணி நேரம் நின்னா வருது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. "அத நோட்டுல எழுதிட்டு வா. எஞ்சின எப்ப வேணாலும் பிரிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

சத்தத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் அது எப்படி இருக்கிறது என்பதையே விவரித்துக்கொண்டிருக்கிறோம். அதில் பயன் இல்லாமல் இல்லை. நம் மொழியின் இரட்டைக்கிளவிகள் இந்த வேலைக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பட்டின் மெல்லிய டிக்டிக், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்தால் அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற டொக்டொக், பெல்ட் வழுக்கினால் எழும் கிரீச், ஆல்டர்நேட்டர் பேரிங்கின் நறநற என்று, பட்டறையில் ஒரே சொல்லில் பாதி நோயைச் சொல்லிவிடலாம். ஆனாலும் ஒரே கலகல ஓசையைச் செயினும் தரும், தளர்ந்துபோன சைலன்சர் வெப்பத் தகடும் தரும். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது, சத்தம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்ற கணக்குதான்.

பத்து நாட்கள் எழுதினேன். இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் சத்தம் இல்லை. ஏழு மணி நேரம் அலுவலக நிழலில் நின்ற பிறகு, கையை வைத்தால் வெதுவெதுப்புகூடத் தெரியாத அளவுக்கு எஞ்சின் ஆறியிருந்தும், ஒரு நொடிக்கும் குறைவாகவே கேட்டது. இரவு முழுவதும் நின்றால் மூன்று நொடிகள். பழனிக்கு ரயிலில் போய்விட்டு வந்து இரண்டு நாட்கள் கழித்து எடுத்தபோது ஏறக்குறைய நான்கு நொடிகள். குளிர்தான் காரணம் என்றால், முழுக்க ஆறிவிட்ட எஞ்சின் ஏழு மணி நேரம் நின்றாலும் இரவு முழுக்க நின்றாலும் ஒரே மாதிரிதான் ஒலித்திருக்க வேண்டும். எத்தனை நேரம் நிற்கிறதோ அத்தனைக்குச் சத்தம் நீள்கிறது என்றால், நிற்கும் நேரத்தில் எஞ்சினுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக வடிந்து போகிறது என்றே கொள்ள வேண்டும்.

மற்ற சந்தேகங்களையும் அதே நாட்களில் ஒவ்வொன்றாகக் கழித்தோம். மருதமலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்து ஏறியபோது எந்தத் தட்டலும் இல்லை. பாரம் ஏறும்போது வராத சத்தத்தை ராட் பேரிங்கின் மீதோ, பெட்ரோல் முன்கூட்டி வெடிப்பதன் மீதோ சுமத்துவது கடினம். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே சரியாக நின்றது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் கிராங்க் நொடிக்குப் பதின்மூன்று முறைக்கு மேல் சுற்றும். கேம் அதில் பாதி, ஆறேழு முறைதான் சுற்றும். அதனால் டேப்பட் சத்தம் ஏறக்குறைய எண்ணிவிடக்கூடிய நிதானத்தில், சீராக வரும். எங்கள் வண்டியின் சத்தத்தில் அந்தச் சீர் இல்லை. ஒழுங்கில்லாமல் சிதறி ஒலித்தது.

பிறகு திருப்புளியை எடுத்தேன். நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினின் ஓர் இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்தால், அந்த இடத்தின் அதிர்வு மட்டும் பிரிந்து கேட்கும். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் செய்யும் வேலைதான். சுழலும் பெல்ட்டிலிருந்து கையையும் சட்டை நுனியையும் விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும்; ரேடியேட்டர் விசிறி எந்த நேரமும் தானாக ஓடத் தொடங்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எங்களுக்கு இருந்த சிக்கல், நாளொன்றுக்கு மூன்றே நொடிகள்தான் கிடைக்கும் என்பது. ஆகவே ஒரு காலைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டோம். அப்பா உள்ளே அமர்ந்து சாவியைத் திருப்புவார். நான் குனிந்து காதைக் கொடுத்திருப்பேன். முதல் நாள் ஆல்டர்நேட்டர் தாங்கியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் வால்வு மூடியின் பின்பகுதியில் மங்கலாகக் கேட்டது. மூன்றாம் நாள் முன்பக்கச் செயின் மூடியின் மேல்பாதியில் ஊன்றியபோது, சத்தம் காதுக்குள்ளேயே இறங்கியது போல இருந்தது. சர்வீஸ் நிலையம் சொன்ன இடம்தான், குலுங்குவது செயினேதான். அப்போதும் அந்தச் செயின் ஏன் குலுங்குகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை.

அந்த விடையைக் கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளி தந்தது. சத்தத்தைப் பதிவு செய்து மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்குகள் எரியும் பலகையை நோக்கிக் கைப்பேசியை நிறுத்தி எடுத்தேன். கைப்பேசியின் ஒலிவாங்கி கனமான, ஆழ்ந்த ஓசைகளைச் சரியாகப் பிடிக்காது என்பதால் சத்தம் உண்மையைவிட மெல்லியதாகவே பதிவாகியிருந்தது. ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஆயில் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு, எஞ்சின் ஓடத் தொடங்கியும் அணையவில்லை. மூன்று நொடிகள் எரிந்தது. அது அணைந்த அதே கணத்தில் கலகல ஓசையும் நின்றது. மதியம் எடுத்த காணொளியில் அதே விளக்கு ஒரு நொடிக்குள் அணைந்திருந்தது.

இங்கே ஆயில் போகும் வழியைச் சொல்ல வேண்டும். எஞ்சினின் அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டியில் இருக்கும் ஆயிலை பம்ப் உறிஞ்சி, அழுக்கை வடிகட்டும் ஃபில்டருக்கு அனுப்புகிறது. ஃபில்டரைக் கடந்த பிறகே அது கிராங்க், கேம், டென்ஷனர் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். எங்கள் வண்டியில் இருப்பது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர். அழுத்தம் வந்தால் அதன் தண்டு வெளியே தள்ளிச் செயினை இறுக்கிப் பிடிக்கும். வராத வரை செயின் தன் வழிகாட்டிப் பட்டைகளின் மீது அடித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் நிற்கும்போது ஃபில்டருக்குள் இருக்கும் ஆயில் சம்ப்புக்குத் திரும்பி ஓடிவிடாமல் தடுப்பதற்காக, ஃபில்டரின் வாய்ப்பகுதியில் உட்புறமாக வட்டமான ஒரு ரப்பர் மடல் இருக்கிறது. ஆயில் உள்ளே வரும்போது அது வளைந்து வழிவிடும். வரத்து நின்றதும் துளைகளை மூடிக்கொள்ளும். அந்த ரப்பர் இறுகிவிட்டால் மூடாது. இரவெல்லாம் ஆயில் வடிந்து, காலையில் பம்ப் முதலில் காலியான ஃபில்டரை நிரப்பிய பிறகே மற்றவற்றுக்கு அழுத்தம் கொடுக்க முடியும். ஃபில்டர் வாய் மேல்நோக்கி நிற்கும் எஞ்சின்களில் இது அவ்வளவாக வெளியே தெரியாது. எங்கள் வண்டியில் ஃபில்டர் வாய் கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது.

நோட்டையும் காணொளியையும் பார்த்த மெக்கானிக், "ஃபில்டர் எப்ப மாத்துனது?" என்று மட்டும் கேட்டார். ஐப்பசியில் ஆயில் மாற்றியபோது, நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்த ஒரு ஃபில்டரை நானேதான் கடையில் வாங்கிக் கொடுத்திருந்தேன். சத்தம் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பதை நான் அதுவரை இணைத்துப் பார்க்கவே இல்லை. ஆயிலையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு அவர் மறுத்தார். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும் என்றார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வண்டியை இரவு பட்டறையிலேயே விட்டுவிட்டு, காலையில் எஞ்சினை எடுக்காமலேயே ஃபில்டரைக் கழற்றினோம். வாய் கீழ்நோக்கி இருக்கும் ஃபில்டரைத் தளர்த்தினால் உள்ளிருக்கும் ஆயில் கொட்டும் என்பதால், அவர் கீழே பழந்துணியைத் திணித்து, ஒரு தட்டையும் பிடித்திருந்தார். தட்டில் விழுந்தது இரண்டு மூன்று கரண்டி ஆயில்தான். துளைகளின் வழியாக ஒரு தீக்குச்சியை நுழைத்து உள்ளிருக்கும் ரப்பரை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அது காய்ந்த தோல்போல விறைத்திருந்தது. புதிய ஃபில்டரில் அதே குச்சியை வைத்தபோது, ரப்பர் மெத்தென்று அமிழ்ந்து, குச்சியை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்து படிந்தது. பழையதை ஆக்சா பிளேடால் அறுத்துத் திறந்ததில், மடலின் விளிம்பு ஒரு பக்கம் முழுவதும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது தெரிந்தது. அந்த இடைவெளியில் என் நகம் தாராளமாக நுழைந்தது.

புதிய ஃபில்டருக்கு ஆன செலவு 380 ரூபாய். கூலி வாங்க அவர் முதலில் சம்மதிக்கவில்லை, வற்புறுத்திக் கொடுத்தேன். மறுநாள் காலை அப்பா சாவியைத் திருப்ப, நான் கைப்பேசியோடு நின்றேன். சிவப்பு விளக்கு ஒரு நொடிக்குள் அணைந்தது. எஞ்சின் அமைதியாக ஓடியது. பெட்ரோல் இன்ஜெக்டர்களின் வழக்கமான மெல்லிய டிக்டிக் மட்டும் கேட்டது. அடுத்த இரண்டு வாரங்களும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு நாளும் அந்தச் சத்தம் வரவில்லை.

ஒன்றை மட்டும் இதை வாசிப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, சூடான எஞ்சினில் ஆழமான தட்டல் கேட்டாலோ, இப்படி நோட்டு எழுதிக்கொண்டு பத்து நாள் ஓட்டாதீர்கள். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை இழுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். நாங்கள் காத்திருந்தது, மூன்று நொடிகளில் விளக்கு அணைந்தது, ஆயில் அளவு சரியாக இருந்தது, அந்த மூத்தவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதனால் மட்டுமே.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஃபில்டரை மாற்றும் வரை அத்தனை நாளும் காலையில் அந்தச் செயின் வழிகாட்டிப் பட்டைகளின் மீது அடித்திருக்கிறது. அவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை, அடுத்த ஆயில் மாற்றத்தின்போது வால்வு மூடியைக் கழற்றி, மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வதாக அவர் கூறியிருக்கிறார். அதற்கு இன்னும் 4,000 கிலோமீட்டர் இருக்கிறது.