அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

அப்பாவை லாரி அடித்தது 2019 ஆகஸ்டில், நாமக்கல் பக்கம் ஒரு கூட்டு ரோட்டில். டிவிஎஸ் எக்ஸெல்லில் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஈரோட்டிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் உடலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

புகாரை போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரே எழுதினார். 'லாரியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்' என்று ஒரு வரி. நான் பார்க்கவில்லையே என்று தோன்றியது. ஆனால் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் கைக்கு வந்தால் போதும் என்றிருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 279 (அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது), 304ஏ (அஜாக்கிரதையால் மரணம்). ஓட்டுநருக்கு அன்றே ஜாமீன். 304ஏ ஜாமீன் கொடுத்தாக வேண்டிய பிரிவு, அதிகபட்சத் தண்டனையே 2 ஆண்டு என்பது தெரியாமல் ஸ்டேஷனில் கத்தினேன். (2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்துகளுக்கு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அதில் 5 ஆண்டு வரை உண்டு.)

இழப்பீட்டு வழக்கு தனி. அது தீர்ப்பாயத்தில் நடந்து, ஒரு வழியாக முடிந்தது.

குற்ற வழக்கில் கொரோனா வந்து, வாய்தா மேல் வாய்தா போய், 2022இல்தான் சாட்சி விசாரணை. அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, நான். குறுக்கு விசாரணை ஐந்து நிமிடம்கூட இல்லை.

"சம்பவத்தை நேரில் பார்த்தீர்களா?"

"இல்லை."

"அப்புறம் அதிவேகம் என்று எப்படி எழுதிக் கொடுத்தீர்கள்?"

பதில் இல்லை.

அடுத்து டீக்கடைக்காரர். "சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன்" என்றார். அவர் பிறழ் சாட்சி (சொன்னதை மாற்றிச் சொல்பவர்) இல்லை, உண்மையைத்தான் சொன்னார். வியாபாரத்தை விட்டுவிட்டு மூன்று முறை கோர்ட்டுக்கு வந்த மனிதர். கோபப்பட முடியவில்லை. 'வேகமாக வந்தது' என்று யாராவது சொல்லியிருந்தாலும் போதாதாம். வேகம் மட்டுமே அஜாக்கிரதை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1998லேயே சொல்லியிருக்கிறது. எந்தப் பக்கம் ஏறி வந்தான், பிரேக் தடம் எவ்வளவு நீளம், இதெல்லாம் வேண்டும். எங்கள் வழக்கில் போலீஸ் வரைந்த சம்பவ இட வரைபடத்தில் சாலையும் ஒரு பெருக்கல் குறியும்தான் இருந்தன. 'இயந்திரக் கோளாறு இல்லை' என்ற வாகன ஆய்வாளர் அறிக்கையைப் பெரிதாக நம்பியிருந்தேன். "பிரேக் நல்லா இருந்துச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம் தம்பி" என்றார் எங்கள் வக்கீல்.

லாரி வலது பக்கம் ஏறி நின்ற படத்தை சித்தப்பா மகன் அன்றே செல்போனில் எடுத்திருந்தான். வாட்ஸ்அப்பில் எங்கள் எல்லோருக்கும் வந்தது. விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு கேட்டபோது அந்தப் போன் இல்லை. மின்னணு ஆவணத்துக்கு, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி வந்தது என்று சொல்லும் 65பி சான்றிதழ் (சாட்சியச் சட்டத்தின் பிரிவு) வேண்டும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. இன்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: படத்தை அன்றே எழுத்துமூலம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நேரில் பார்க்காதவர் புகார் கொடுத்தால், 'இன்னார் சொல்லித் தெரிந்துகொண்டேன்' என்றே எழுதச் சொல்லுங்கள்.

வழக்கை நடத்துவது அரசுத் தரப்பு வழக்கறிஞர். நம் வக்கீல் அவருக்கு உதவலாம், கடைசியில் நீதிமன்ற அனுமதியோடு எழுத்துபூர்வமாக வாதம் கொடுக்கலாம், அவ்வளவுதான். கொடுத்தோம்.

2023இல் விடுதலை. சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது ஓட்டுநருக்கு. தீர்ப்பைப் படித்த குரல் மின்விசிறிச் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவே இல்லை. வெளியே வந்து நான்தான் சொன்னேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 372இன்படி, இறந்தவரின் வாரிசு என்ற முறையில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறோம். அடுத்த வாய்தாவுக்கு அம்மாவும் வருகிறேன் என்கிறார்.