தியோக்ளேசியனின் கல்லறையில் திருப்பலி

குரோஷியாவில் கடலோரம் இருக்கிற ஸ்பிளிட் நகரத்தின் பேராலயம், ஆலயமாகக் கட்டப்பட்டதே இல்லை. ரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் தன் உடலை வைப்பதற்காகத் தன் அரண்மனைக்குள்ளேயே கட்டிக்கொண்ட எண்கோணக் கல்லறை மண்டபம் அது. கிறிஸ்தவர்களின் ஆலயங்களை இடிக்கவும் வேதப் புத்தகங்களை எரிக்கவும் 303-ல் ஆணை போட்டவன் அவன். கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய அந்தக் கலாபனையில்தான், மறு ஆண்டே, பக்கத்து ஊரான சலோனாவின் ஆயர் தோம்னியுஸ் தலை வெட்டப்பட்டு இறந்தார். இன்றைக்கு அந்த மண்டபம் அவர் பெயரில் இருக்கிறது. பேரரசனின் கல் பெட்டி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. ஆயருக்குப் பீடம் இருக்கிறது, அதில் அவருடைய திருப்பண்டங்களை, அதாவது உடலின் எச்சங்களை, வணங்குகிறார்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசலுக்கு எதிரே, எகிப்திலிருந்து தியோக்ளேசியன் கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்ஸ், சிங்க உடலும் மனிதத் தலையுமான சிலை, படுத்திருக்கிறது. அப்புறம் 1214-ல் அந்திரியா புவினா செதுக்கிய மரக்கதவு: வானதூதர் மரியாவுக்குச் சொன்ன மங்கள வார்த்தையில் தொடங்கி ஆண்டவரின் வாழ்க்கை 28 கட்டங்களில். உள்ளே போனால் பேராலயம் என்ற பேருக்குச் சின்ன இடம்தான். அண்ணாந்து பார்த்தால் மேலே கல் பட்டையில் வட்டத்துக்குள் இரண்டு முகங்கள். ஒன்று தியோக்ளேசியன், மற்றது அவன் மனைவி பிரிஸ்கா என்று கருதுகிறார்கள். அவர்களுக்குக் கீழேதான் திருப்பலி நடக்கிறது.

இங்கே போகிறவர்கள் லாக்தான்சியுஸ் எழுதியதை வாசித்துவிட்டுப் போனால் நல்லது. ‘கொடுமைப்படுத்தியவர்களின் சாவுகள்’ என்பது அந்தச் சிறு நூலின் பெயர். ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் தப்பிப் பிழைத்து, 1679-ல்தான் அச்சேறியது. அவர் இன்றைய துருக்கியில் இருந்த, பேரரசன் தங்கியிருந்த நிக்கோமேதியா நகரத்தில் இலத்தீன் சொற்கலை ஆசிரியர். அந்த வேலையைக் கொடுத்தவனே தியோக்ளேசியன்தான். 303 பிப்ரவரி 23 விடியற்காலையை அவர் சொல்லும்போது மனம் பதறுகிறது. அதிகாரிகள் ஆலயக் கதவை உடைக்கிறார்கள், உள்ளே கடவுளின் சிலையைத் தேடுகிறார்கள், வேதப் புத்தகங்களைக் கொளுத்துகிறார்கள். அந்த நகரத்து அரண்மனையிலிருந்து பார்த்தால் ஆலயம் தெரியும். தியோக்ளேசியனும் அவனுடைய துணை அரசன் கலேரியுஸும் அங்கே நின்று விவாதிக்கிறார்கள். தீ வைக்கலாம் என்கிறான் கலேரியுஸ். பக்கத்துப் பெரிய வீடுகளுக்கும் பரவிவிடும் என்று மூத்தவன் தடுக்கிறான். அதனால் காவல்படை கோடரிகளோடு வந்து சில மணி நேரத்தில் ஆலயத்தைத் தரைமட்டம் ஆக்குகிறது.

நீரோவில் தொடங்கி, கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய பேரரசர்கள் ஒவ்வொருவனும் எப்படிச் செத்தான் என்று வரிசையாகச் சொல்கிறார். போரில் விழுந்த தேசியுஸின் உடல் புதைக்கப்படாமல் மிருகங்களுக்கு இரையானதாம். பாரசீகரிடம் பிடிபட்ட வலேரியனின் முதுகில் கால் வைத்துத்தான் அந்த மன்னன் குதிரை ஏறினானாம். கலேரியுஸின் உடல் புழுத்ததைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். எனக்கு அந்தப் பக்கங்கள் பாரமாக இருக்கின்றன. ஆனால் நூலை யாருக்கு எழுதினார் என்று பார்க்க வேண்டும். தொனாத்துஸ் என்ற நண்பர். ஒன்பது முறை வதைக்கப்பட்டு, ஆறு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். அப்படி ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதியவரின் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தியோக்ளேசியனின் கடைசி நாட்களையும் சொல்கிறார். பதவியைத் தானே விட்டு இந்த அரண்மனைக்கு வந்தவன். மகள் வலேரியாவைத் தன்னிடம் அனுப்பிவிடும்படி புதிய அரசனிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் நடக்கவில்லை. சோறும் தூக்கமும் இல்லாமல் கண்ணீரோடு புரண்டு புரண்டு செத்தான் என்கிறார். பிறகு பிரிஸ்காவையும் வலேரியாவையும் தெசலோனிக்காவில் தலை வெட்டிக் கடலில் வீசினார்கள். கலாபனை தொடங்கியபோது முதலில் சிலைகளுக்குப் பலி கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களே அந்தத் தாயும் மகளும்தான்.

பேராலயத்தில் புனித அனஸ்தாசியுஸின் பீடத்துக்கு முன்னால்தான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம். 1448-ல் யூராய் தல்மத்தினாத்ஸ் செதுக்கியது. ஆண்டவரைச் சாட்டையால் அடிக்கிற காட்சி அது. அடிப்பவர்களின் கை ஓங்கியிருக்கிறது, அவர் உடலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறார். வலியைக் கல்லில் இவ்வளவு நேராக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மண்டபத்தைக் கட்டியவனுக்காகவும் அங்கே வேண்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

“கொன்னவனுக்கும் சேர்த்தாப்பா வேண்டிக்கணும்?” என்றார் அம்மா.

கலேரியுஸின் கடைசி ஆணையைப் பற்றிச் சொன்னேன். 311 ஏப்ரல் 30 அன்று நிக்கோமேதியாவில் ஒட்டப்பட்டது. கிறிஸ்தவர்கள் மறுபடி கூடலாம், தங்கள் கடவுளிடம் அரசர்களான எங்கள் நலனுக்காகவும் மன்றாட வேண்டும் என்று அதில் இருக்கிறது. லாக்தான்சியுஸ்தான் அதை முழுசாக எடுத்தெழுதி வைத்திருக்கிறார். சிறைக்கதவு திறந்து தொனாத்துஸ் வெளியே வந்ததும் அந்த ஆணையால்தான்.

“அவங்களே கேட்டிருக்காங்கம்மா” என்றேன்.

அம்மா ஜெபமாலையை எடுத்தார். அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் முதல் பத்து மணி என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். பேரரசனுக்கும் ஒரு அருள்நிறை மரியே சொன்னார்.

மறுநாள் சலோனாவுக்குப் போனோம், பேருந்தில் பக்கம்தான். தோம்னியுஸை முதலில் அடக்கம் செய்த மனஸ்திரினேயில் கல் பெட்டிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வேதசாட்சிக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று அந்தக் காலத்து மக்கள் ஆசைப்பட்டார்கள். அங்கே அகழாய்வு செய்த குருவானவர் பிரானே புலிச்சும் 1934-ல் இறந்தபோது அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். போகிறவர்கள் மே 7-ஐ ஒட்டிப் போக முடிந்தால் போங்கள், ஸ்பிளிட்டில் அன்றைக்குத்தான் புனிதரின் திருவிழா.