குரோமோசோம் டெஸ்ட்டுக்குப் பச்சை மூடிக் குழாய்தான்

பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று டாக்டர் சொல்லத் தயங்கினால் முதலில் கேட்கவேண்டியது சோடியம், பொட்டாசியம் அளவு. 46 எக்ஸ்எக்ஸ், அதாவது பெண் குரோமோசோம் உள்ள குழந்தைகளில் இதற்கு மிகப் பொதுவான காரணம் சி.ஏ.ஹெச் என்கிற அட்ரீனல் கோளாறு. உப்பு வெளியேறும் வகையாக இருந்தால் முதல் மூன்று வாரத்துக்குள் வாந்தி, எடைக்குறைவு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். எங்களிடம் ஆளாளுக்குப் பெயர் என்ன வைக்கப்போகிறீர்கள் என்றுதான் விசாரித்தார்கள். சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லி நாங்கள்தான் நச்சரித்தோம்.

ரத்தம் எடுப்பதில்தான் சொதப்பல். குரோமோசோம் டெஸ்ட்டுக்கு சோடியம் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய் வேண்டும். எங்களுக்கு ஊதா மூடியில் எடுத்தார்கள். அதிலுள்ள ஈ.டி.டி.ஏ.வில் செல் சரியாக வளராது. ‘கல்ச்சர் ஃபெயில்’ என்று ரிப்போர்ட் வந்து, பச்சைக் குழந்தைக்கு மறுபடி ஊசி. சி.ஏ.ஹெச்சைக் கண்டுபிடிக்கும் ரத்த டெஸ்ட்டான 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனை முதல் 48 மணி நேரத்தில் எடுத்தால் சும்மாவே ஏறிக் காட்டும். சி.ஏ.ஹெச்சுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோனின் முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஆனால் குழந்தை துவண்டிருந்தால் ரிப்போர்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

மருந்துக் கடையில் ஹைட்ரோகார்ட்டிசோன் கேட்டால் ‘இதுவும் ஸ்டீராய்டுதான்’ என்று பிரெட்னிசோலோனை நீட்டுவார்கள். வாங்காதீர்கள், அது ஏறக்குறைய நாலு மடங்கு வீரியம்.

பிறப்புப் பதிவு இன்னொரு தலைவலி. ‘ஏதாவது ஒண்ணைப் போடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்’ என்றார் கிளார்க். மாற்றுவது லேசில்லை, சான்று, அஃபிடவிட் என்று அலைய வேண்டும். கட்டணமில்லாமல் பதிய 21 நாள் அவகாசம் உண்டு. குரோமோசோம் ரிப்போர்ட் வரும்வரை தகவல் அனுப்பாமல் வைத்திருக்கும்படி ஆஸ்பத்திரியிடம் எழுதிக் கொடுங்கள். பெயரை 12 மாதத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம்.

ஆபரேஷனுக்கு அவசரப்படுத்தினால் ஒரு காகிதம் போதும். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை 355 போட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, குழந்தைகளுக்குப் பாலினத்தை ‘சரிசெய்யும்’ அறுவை சிகிச்சை கூடாது. ‘ஒரு வயசுக்குள்ள முடிச்சிடலாம்’ என்ற சர்ஜன், அந்த அரசாணையின் பிரிண்ட் அவுட்டைப் பார்த்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

சி.ஏ.ஹெச் உறுதியானால் காய்ச்சலுக்கு எத்தனை மடங்கு டோஸ், வாந்தியில் மாத்திரை நிற்காவிட்டால் ஊசி எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மூன்று வயதுக்குள் வழக்கமாக 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. நடுராத்திரியில் தேடினால் கிடைக்காது. ஒரு ஊசி மருந்துக் குப்பி வீட்டிலேயே இருக்கட்டும்.