ரூசலாரெயின் சிவப்புப் புளிப்பு

புரூஜில் நான் தங்கியிருந்த விடுதியில், இன்று எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். ரூசலாரெ என்றேன். கால்வாய், சாக்லேட் கடை எல்லாம் இங்கே இருக்க, அந்த ஊருக்கு எதற்கு என்று அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். "ரோடன்பாக்" என்று அங்கே காய்ச்சும் பீரின் பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். "ஐயோ, அது புளிக்குமே! என் தாத்தா கிரெனடின் என்கிற மாதுளை சிரப் ஊற்றித்தான் குடிப்பார்."

பெல்ஜியம் முழுக்கச் சுற்றிய நண்பன் ஒருவன் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தான்: "கிராண்ட் க்ரூன்னு ஒண்ணு, சிவப்பு ஏல் வகை பீர், ஓக் பீப்பாயில் ரெண்டு வருஷம் கிடந்தது, செம ஸ்ட்ராங்." நம் ஊரில் ஸ்ட்ராங் என்றால் ஒரே அர்த்தம்தான். இந்தியாவில் 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை ஆல்கஹால் இருந்தால் அது ஸ்ட்ராங் பீர். ரயிலில் உட்கார்ந்து தேடிப் பார்த்தால், நண்பன் சொன்ன கிராண்ட் க்ரூவில் 6 சதவீதம்தான். நம் கணக்குக்கு ஸ்ட்ராங்தான், ஆனால் இந்த நாட்டில் மடத்துச் சாமியார்கள் காய்ச்சும் பீர்களில் சில 10-ஐத் தாண்டும். ஏமாற்றிவிட்டானோ என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அரை மணி நேரப் பயணம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஊர் சாதாரணமான ஊர். சைக்கிள் பந்தயப் பைத்தியம் பிடித்தது, அதற்கென்று தனி அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். கையில் கடற்பறவையோடு ஒரு இளைஞனின் சிலை நிற்கிறது. 23 வயதில் இறந்துபோன கவிஞர் ஆல்பிரெக்ட் ரோடன்பாக். அதே குடும்பம்தான்.

ரோடன்பாக் மதுவாலை, ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். 1821-இல் அலெக்சாண்டர் ரோடன்பாக் தன் சகோதரர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது. அலெக்சாண்டருக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. அப்படியும் 1830-இல் பெல்ஜியம் தனி நாடானபோது தேசியப் பேரவையில் உறுப்பினராக இருந்தவர். ஓக் பீப்பாயில் வைத்துப் பழசாக்கும் முறையைச் செம்மைப்படுத்தியது அதே குடும்பத்தில் பின்னால் வந்த யூஜின். அவர் இங்கிலாந்துக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்.

பீப்பாய் என்றதும் தோளில் தூக்கிப் போகிற அளவில் ஒன்றைத்தான் நான் கற்பனை செய்திருந்தேன். கூடத்துக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் கூரையைத் தொடுகிற மாதிரி நிமிர்ந்து நிற்கும் மரத் தொட்டிகள். ஃபூடர் என்கிறார்கள். கூடம் முடிந்தால் இன்னொரு கூடம், அதற்கப்புறம் இன்னொன்று. மொத்தம் 294. சிலவற்றுக்கு 150 வயதுக்கு மேல். பெரியவற்றில் 650 ஹெக்டோலிட்டர், அதாவது 65,000 லிட்டர் பிடிக்கும். ஒரு ஆணி கிடையாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சம்பங்கோரையைச் செருகி, கசிகிற இடத்தில் தேன்மெழுகு பூசுகிறார்கள். இவற்றைப் பிரித்துப் பழுது பார்க்க மதுவாலையிலேயே தச்சர்கள் வேலை பார்க்கிறார்கள்.

அந்தக் கூடத்தின் வாசனையை எப்படிச் சொல்வது? நனைந்த மரம், பச்சை ஆப்பிள், கொஞ்சம் வினிகர். அடியில் எங்கேயோ எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று. பத்தடி நடந்த பிறகுதான் பிடிபட்டது: பாட்டி வீட்டுச் சமையலறையில் ராத்திரி முழுக்கப் பொங்கி வழிந்த இட்லி மாவு. மூக்கு பொய் சொல்லவில்லை. ஈஸ்டோடு சேர்ந்து இந்த பீரைப் புளிக்க வைப்பதும் மாவைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக் கூட்டம்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். காலையில் இறக்கிய கள் சாயங்காலமே கடுத்துப் போகிறது. அதை அப்படியே விட்டால் காடிதான். இது எப்படி இரண்டு வருடம் தாங்குகிறது? கேட்டேன், கள்ளை விளக்குவதற்குத்தான் கொஞ்சம் நேரமானது. வழிகாட்டி பீப்பாயைத் தட்டிக் காட்டினார். பீரைக் காடியாக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். இந்தக் கனத்த ஓக் பலகை வழியாக உள்ளே போவது இம்மியளவு காற்று. பீப்பாய் பெரிதாக இருப்பதால் அந்தக் காற்றும் அத்தனை பீருக்கும் பங்காகிறது. அதனால் வினிகர் வாசம் மட்டும் வந்து நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு ஃபூடர் மாதிரி இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றையும் ருசி பார்த்துக் கலப்பதுதான் இங்கே பெரிய வித்தை.

முதலில் கலக்காத பழைய பீர். கிட்டத்தட்ட நுரையே இல்லை. ஒரு வாய், தாடை இழுத்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர். மாங்காயைக் கடித்த மாதிரி. விடுதி அம்மாவின் தாத்தா மேல் பரிவு வந்தது.

அடுத்தது கிராண்ட் க்ரூ. மூன்றில் இரண்டு பங்கு பழையது, ஒரு பங்கு புதியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பழுப்பும் சிவப்புமாக, நன்னாரி சர்பத் நிறம். நிறம் வறுத்த மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய தானியத்திலிருந்து வருவது, பழம் எதுவும் போடவில்லை. நம்ப முடியாது, ஏனென்றால் வாயில் வைத்ததும் செர்ரிப் பழம்தான் தெரிகிறது. அப்புறம் புளிப்பு, அதற்குப் பின்னால் மெல்லிய இனிப்பு, கடைசியில் பாக்கு மென்றது போல மரத்தின் துவர்ப்பு. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தட்டில் வெட்டி வைத்த சீஸையும் கடுகு விழுதையும் தொட்டுக்கொண்டு குடித்தால் புளிப்பு அடங்கி வழிக்கு வருகிறது.

விண்டேஜ் என்று ஒன்று இருக்கிறது, 7 சதவீதம். கலவை இல்லை, தேர்ந்தெடுத்த ஒரே ஃபூடரின் பீர். பீப்பாய் எண்ணை லேபிளிலேயே போடுகிறார்கள். கேரமலும் வெனிலாவும் கூடுதல், புளிப்பு உருண்டு திரண்டு வருகிறது. எல்லோரும் அதைத்தான் கொண்டாடினார்கள். எனக்கென்னவோ கிராண்ட் க்ரூதான். விண்டேஜில் இனிப்பு ஒரு படி தூக்கல்.

நண்பன் ஏமாற்றவில்லை என்பது இரண்டாவது கிளாஸின் பாதியில் புரிந்தது. தலை தெளிவாகத்தான் இருந்தது. நாக்கில் மட்டும் அந்தப் புளிப்பும் துவர்ப்பும் போகவே இல்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் காபி குடித்தும் போகவில்லை.

அந்தக் கடையில் ஒரு பெரியவர் உண்மையிலேயே கிரெனடின் ஊற்றிய ரோடன்பாக் குடித்துக்கொண்டிருந்தார். ஆசை யாரை விட்டது? நானும் ஒன்று சொன்னேன். ரோஜா நிறத்தில் வந்தது. பன்னீர் சோடாவில் யாரோ எலுமிச்சையைப் பிழிந்து மறந்துவிட்ட மாதிரி. பாதியில் வைத்துவிட்டேன். பெரியவர் என் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. புரூஜ் ரயில் போய்விட்டது. அடுத்தது வரும்வரை நேரம் இருந்ததால், சிரப் இல்லாமல் இன்னொன்று கேட்டேன்.