மெயில் மேர்ஜ்: வேர்டைத் திறக்க முன் அந்த ஒரு நிரலைப் பாருங்கள்

போன கிழமை முடிவு வந்தது. இரண்டாம் தரம் இருந்து என்.வி.கியூ 3 (தேசியத் தொழில் தகைமை, மூன்றாம் மட்டம்) எடுத்துவிட்டேன், கணினிப் பயன்பாட்டு உதவியாளர். சந்தோஷம்தான். ஆனால் ஏழு மாதம் பிந்தியதை நினைத்தால் இன்னும் எரிகிறது, ஏனென்றால் முதல் தரம் நான் விட்டது ஒரே ஒரு வேலையில், மெயில் மேர்ஜில், அதாவது ஒரே கடிதத்தைப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் விபரத்தோடு எடுக்கும் வேலையில், அதிலும் பட்டியலின் ஒரே ஒரு நிரலில் (கொலம்). வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு மெயில் மேர்ஜ் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அடுத்த தொகுதியில் இருக்கப்போகிறவர்கள் அதே குழியில் விழக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். மதிப்பீடு எப்படி நடக்கும், டயரியில் என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன்.

முதல் தரம் எனக்கு வந்த வேலை இதுதான். ஒரு பயிற்சி நிலையம் 25 விண்ணப்பதாரிகளை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, வரவேண்டிய திகதி, எல்லாம் அச்சடித்த தாளில் தந்தார்கள். எக்செலில் தட்டச்சு செய்தேன், சேமித்தேன், வேர்டைத் திறந்தேன், மெயிலிங்ஸில் போய் லெட்டர்ஸ், செலக்ட் ரிசிப்பியன்ட்ஸ், இன்சேர்ட் மேர்ஜ் ஃபீல்ட் என்று கை தன்பாட்டில் ஓடியது. பிரிவியூ ரிசல்ட்ஸ் அழுத்தி முதல் இரண்டு கடிதத்தைப் பார்த்தேன், அச்சுப் பிசகாமல் இருந்தது. பிரின்ட் கொடுத்துவிட்டு, நேரம் மிச்சம் என்று ஜன்னல் பக்கம் கடற்காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

மதிப்பீட்டாளர்களில் வயதான அம்மா ஒருவர். கடிதங்களை மேசையில் அடுக்கி, விரலை நனைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு கடிதத்தில் விரல் நின்றது.

“மகள், இவருடைய அடையாள அட்டை இலக்கம் 0 ஆ?”

எட்டிப் பார்த்தேன். பெயர் சரி, முகவரி சரி. ‘தே.அ.அ. இலக்கம்:’ என்று நான் தட்டச்சு செய்த வரிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு 0. அடுத்த கடிதத்திலும் 0. எண்ணிப் பார்த்தால் ஒன்பது கடிதம் அப்படி. எக்செலைத் திறந்து காட்டினேன், அங்கே ஒன்பது பேருடைய இலக்கமும் ஒழுங்காக இருக்கிறது. “சேர், நான் சரியாகத்தான் தட்டச்சு செய்திருக்கிறேன்” என்று மற்றவரிடம் சொன்னேன். “கடிதம் கிடைக்கிறவர் எக்செலைப் பார்க்கப்போவதில்லையே பிள்ளை” என்றார். அது நியாயமான பேச்சு. ஆனால் ஏன் அப்படி வந்தது என்று அன்றைக்கு யாரும் விளக்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. நிலாவெளி பஸ்ஸில் வீடு போகும்வரை அந்த 0 கண்ணுக்குள்ளேயே நின்றது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. வேர்ட் எக்செல் தாளை வாசிக்கும்போது ஒவ்வொரு நிரலும் எண்ணா எழுத்தா என்று தானே முடிவு கட்டுகிறது. அந்த முடிவுக்கு அது வழமையாகப் பார்ப்பது முதல் 8 பதிவுகளை மட்டும். எனக்குத் தந்த பட்டியலில் மேலே இருந்தவர்கள் எல்லாம் இளம் ஆட்கள், 2016இலிருந்து கொடுக்கிற புது அட்டைக்காரர், 12 இலக்கமும் வெறும் எண். ஆகவே அந்த நிரல் எண் நிரல் என்று முடிவாகிவிட்டது. கீழே வந்த ஒன்பது பேரும் பழைய அட்டைக்காரர், 9 இலக்கமும் கடைசியில் வீ எழுத்தும். எண் நிரலுக்குள் எழுத்து வந்தால் அதை வாசிக்க ஏலாது, ஆகவே 0. முதல் இரண்டு கடிதத்தைப் பார்த்து நான் திருப்திப்பட்டேன், பிழை ஒன்பதாம் கடிதத்துக்குப் பிறகுதான் இருந்தது.

எங்கள் நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்த நிரல் இருக்கும், எந்தப் பட்டியலிலும் பழைய இலக்கமும் புது இலக்கமும் கலந்துதான் இருக்கும். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

- எக்செலில் ஒரு எழுத்தும் அடிக்க முன் அடையாள அட்டை நிரல் முழுவதையும் தெரிவு செய்து ஃபோர்மட் செல்ஸில் ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். தொலைபேசி நிரலையும் அப்படியே. இல்லாவிட்டால் 026இல் தொடங்கும் எங்கள் ஊர் இலக்கத்தின் முன் 0 காணாமல் போய்விடும்.
- தட்டச்சு செய்த பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் போதாது. ஏற்கனவே உள்ள எண்கள் எண்ணாகவேதான் இருக்கும். அந்தக் கலங்களில் திரும்பத் தட்டச்சு செய்யுங்கள், 25 பேருக்கு இரண்டு மூன்று நிமிடம்.
- டெக்ஸ்ட் ஆனதும் கலத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் வரும். அது பிழை இல்லை, நல்ல அடையாளம். ‘எண்ணாக மாற்றவா’ என்று கேட்டால் தொடாதீர்கள்.
- டெக்ஸ்ட் ஆக்காவிட்டால் 12 இலக்கம் கலத்துக்குள் சுருங்கி, நடுவில் ஆங்கில ஈ எழுத்தும் கடைசியில் +11உம் போட்டுக் காட்டும். அதைக் கண்டவுடன் நிறுத்துங்கள்.
- எக்செலைச் சேமித்து மூடிய பிறகே வேர்ட்.

நான் அவசரக்காரி இல்லை, எனக்குத் தாளில் டிக் போட்டுப் போட்டுப் போனால்தான் மனம் அடங்கும். வேகமாக அடித்துவிட்டுக் கடைசியில் திருத்துகிற ஆட்களும் பாஸ் பண்ணுகிறார்கள், அவர்களைப் பார்த்து நான் முதல் தரம் ஓடியதுதான் பிழை. ஆகவே முதல் பத்து நிமிடம் வேர்டைத் திறக்கவே வேண்டாம். தரவுத் தாளை மட்டும் பாருங்கள். கடிதம் பத்து வரிதான், அதைக் கண்ணை மூடிக்கொண்டும் எழுதலாம். மெயில் மேர்ஜில் நடக்கும் பிழைகள் பத்தில் எட்டும் தரவுக்குள்தான் ஒளிந்திருக்கும் என்பது என்னுடைய எண்ணம்.

அடுத்தது எழுத்துரு. எங்கள் ஆட்கள் பாதிப்பேர் இன்னும் பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியலை யூனிக்கோட் கடிதத்துக்குள் இழுத்தால் பெயர் வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல் வரும். எக்செலில் என்ன எழுத்துரு இருந்தது என்பதை மேர்ஜ் கொண்டுவராது, கடிதத்தில் அந்தப் புலத்துக்கு (மேர்ஜ் ஃபீல்டுக்கு) நீங்கள் கொடுத்த எழுத்துருதான் வேலை செய்யும். அவசரத்துக்கு, இரட்டை அம்புக்குறி உட்படப் புலம் முழுவதையும் தெரிவு செய்து பாமினி கொடுங்கள், பெயர் தமிழாகிவிடும். ஆனால் என் பேச்சைக் கேட்டால் தரவையும் கடிதத்தையும் இரண்டையும் யூனிக்கோடில் பழகுங்கள். பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் ஒரு முழு நாள் நான் இந்தக் குவியலோடுதான் இருந்தேன்.

திகதி. எக்செலில் 5ஆம் திகதி 8ஆம் மாதம் என்று அழகாக இருக்கும், கடிதத்தில் 8/5 என்று மாதம் முன்னுக்கு வந்துவிடும். கடிதம் கிடைத்த ஆள் மே மாதம் 8ஆம் திகதியா, ஓகஸ்ட் 5ஆம் திகதியா என்று குழம்புவார். ஆல்டையும் எஃப்9ஐயும் சேர்த்து அழுத்தினால் புலத்தின் உள்ளே உள்ள குறியீடு தெரியும். புலப் பெயருக்குப் பின்னால் பின்சாய்வுக்கோடும் அட் குறியும் போட்டு, இரட்டை மேற்கோளுக்குள் நாள், மாதம், ஆண்டு வடிவத்தை எழுதுங்கள். மாதத்துக்கு எம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எம் போட்டால் வேர்ட் அதை நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். திரும்ப ஆல்ட் எஃப்9. இந்தக் குறியீடு மனப்பாடம் ஆகாது என்று பயந்தால் திகதி நிரலையும் டெக்ஸ்ட் ஆக்கித் தட்டச்சு செய்துவிடுங்கள், நான் இரண்டாம் தரம் அப்படித்தான் செய்தேன், யாரும் கேள்வி கேட்கவில்லை.

இரண்டாம் தரம் பட்டியலை வைக்கத் தந்தது அக்சஸ், ஒஃபிஸில் உள்ள தரவுத்தள மென்பொருள். முதலில் வயிறு கலங்கியது, ஆனால் உண்மையில் அக்சஸ் இந்த வேலைக்கு எக்செலைவிட நல்லது, ஏனென்றால் அட்டவணை அமைக்கும்போதே ஒவ்வொரு புலத்துக்கும் வகை சொல்லியாக வேண்டும். அடையாள அட்டைப் புலத்துக்கு ‘ஷோர்ட் டெக்ஸ்ட்’, நீளம் 12. அவ்வளவுதான், ஏழு மாதத்து வலி ஒரு வரியில் தீர்ந்தது.

அதில் இன்னொரு வேலையும் இருந்தது: ஒரு பிரதேச செயலகப் பிரிவில் உள்ளவர்களுக்கு மட்டும் கடிதம். இதற்கு வினவல் (குவெரி, அட்டவணையிலிருந்து வேண்டிய ஆட்களை மட்டும் பிரித்தெடுப்பது) ஒன்று எழுதி, வேர்டில் அட்டவணைக்குப் பதிலாக அந்த வினவலைத் தெரிவு செய்ய வேண்டும். வேர்ட் காட்டும் பட்டியலில் வினவலுக்கு எதிரே ‘வியூ’ என்று இருக்கும், பயப்பட வேண்டாம், அது வினவல்தான். நிபந்தனையை வினவலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். திறக்கும்போது மதிப்பைக் கேட்கிற வினவலை இதற்குப் பாவிக்க வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவு. பெயரை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். தந்த தாளில் ஒரு இடத்தில் தம்பலகாமம், இன்னொரு இடத்தில் தம்பலகமம். வெருகல் என்று ஒருவர், ஈச்சிலம்பற்று என்று இன்னொருவர். பட்டினமும் சூழலும் என்பதைச் சிலர் வெறுமனே திருகோணமலை என்று எழுதிவிடுவார்கள். கண்டபடி தட்டச்சு செய்தால் வினவல் பாதிப்பேரை விட்டுவிடும், பிழைச் செய்தியும் வராது. கடிதம் கிடைக்காத ஆளுக்குத் தான் விடுபட்டது என்றே தெரியாது. நான் பேனையால் தாளில் ஒரே பெயராகத் திருத்தி எழுதிவிட்டு, எத்தனை பேர் வர வேண்டும் என்று எண்ணி ஓரத்தில் 7 என்று குறித்தேன். வினவல் 7 தந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

மற்றவை, சுருக்கமாக:

- அட்ரஸ் புளொக், அதாவது முகவரி முழுவதையும் வேர்ட் தானே அடுக்கித் தரும் புலம், வேண்டாம். அது எங்கள் முகவரி எழுதும் ஒழுங்குக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வரியையும் தனிப் புலமாகப் போடுங்கள்.
- நிரல் தலைப்பு ஒரே சொல்லாக இருக்கட்டும். தலைப்புக்கு மேலே ‘விண்ணப்பதாரிகள் பட்டியல்’ என்று அழகுக்கு ஒரு நிரை (ரோ) போடாதீர்கள், முதல் நிரைதான் தலைப்பு என்று வேர்ட் நினைக்கும்.
- திரு, திருமதி, செல்வி வித்தியாசத்துக்கு ரூல்ஸ் இருக்கிறது. ஆனால் விளிப்பை ஒரு நிரலாகவே தட்டச்சு செய்வது எளிது.
- லேபல் கேட்டால் ‘அப்டேட் லேபல்ஸ்’ மறக்காதீர்கள். மறந்தால் முதல் லேபலில் மட்டும் ஆள் இருப்பார்.
- இரண்டு கோப்பையும் ஒரே ஃபோல்டரில், கணினியிலேயே வையுங்கள். பென்ட்ரைவில் வைத்து வேறு கணினியில் குத்தினால் டிரைவ் எழுத்து மாறி, தரவு மூலத்தைக் காணவில்லை என்று கேட்கும். என் தோழி ஒருத்தி இதில் கால் மணித்தியாலம் இழந்தாள்.
- சேமித்த கடிதத்தைத் திரும்பத் திறக்கும்போது எஸ்.கியூ.எல் கட்டளை ஓடட்டுமா என்று கேட்கும். யெஸ் கொடுங்கள். நோ கொடுத்தால் தரவுத் தொடர்பு போய்விடும்.
- நேரடியாக பிரின்டருக்கு அனுப்பாதீர்கள். ‘எடிட் இன்டிவிஜுவல் டொக்கியுமென்ட்ஸ்’ கொடுத்துப் புதுக் கோப்பாக எடுத்து, ஒவ்வொரு பக்கமாக உருட்டிப் பாருங்கள். முதலாவது, ஒன்பதாவது, கடைசி, இந்த மூன்றையும் கட்டாயம்.
- அந்தப் புதுக் கோப்பில் ஒவ்வொரு கடிதமும் தனி செக்ஷன். நாலாவது கடிதத்தை மட்டும் அச்சடிக்கப் பக்க இலக்கப் பெட்டியில் 4 என்று போடாமல், முன்னால் ஆங்கில எஸ் எழுத்தைச் சேர்த்துப் போட வேண்டும்.

வீட்டில் ஒஃபிஸ் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒஃபிஸில் பழகலாம், நானும் அப்படித்தான். தரவு மூலத்தைப் பதிவு செய்துவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஃப்4 அழுத்தினால் மேலே அட்டவணை திறக்கும், நிரல் தலைப்பைப் பிடித்துக் கடிதத்துக்குள் இழுத்து விட்டால் புலமாகிவிடும். அச்சடிக்கப் போகும்போது படிவக் கடிதமாக அச்சடிக்கவா என்று அதுவே கேட்கும். முறை விளங்கும், ஆனால் மெனு வேறு. ஆகவே கடைசி இரண்டு கிழமையாவது நிலையத்துக் கணினியில் வேர்டில் செய்யுங்கள்.

பழகுவதற்கு நல்ல பட்டியலும் வேண்டும். வகுப்பில் தருவது எல்லாம் சுத்தமான பட்டியல், அதில் எதுவும் பிழைக்காது, அதனால் எதுவும் பிடிபடாது. நீங்களே 20 பேரைக் கற்பனையில் போடுங்கள். முதல் எட்டுப் பேருக்கும் 12 இலக்கம். ஒன்பதாவது ஆளுக்கு வீ எழுத்து. ஒருவருக்கு முகவரியில் இரண்டாம் வரி வெறுமை. ஒருவருக்கு 026 தொலைபேசி. ஒருவருக்கு 3ஆம் மாதம் 4ஆம் திகதி. மூதூரை ஒரு இடத்தில் முதூர் என்று வேண்டுமென்றே பிழையாகத் தட்டச்சு செய்யுங்கள். அப்புறம் மேர்ஜ் செய்து, கடிதங்களை அச்சடிக்காமல் திரையிலேயே ஒவ்வொன்றாகத் தாளோடு ஒப்பிடுங்கள், ஒவ்வொரு ஆளுக்கும் பென்சிலால் ஒரு டிக். நான் இதை ஒரு மாதம், நாளுக்கு ஒரு தரம் செய்தேன். மறுமதிப்பீட்டு நாளில் அந்த அம்மாதான் திரும்பவும் வந்தார். நேரே ஒன்பதாவது கடிதத்தை எடுத்துப் பார்த்தார், இலக்கத்தின் மேல் விரலை வைத்து வீ எழுத்துவரை வாசித்தார், கீழே வைத்துவிட்டு அடுத்த வேலைத் தாளை நீட்டினார்.